பெட்டி வீட்டின் மேல் ஆறு கம்பி

ஐன் ஸஃப்ஸாஃப்
12 நவம்பர் 1981

மகன் தவ்ஃபீக்குக்கு வாப்பா லக்தர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் ஸக்கியாவும் பேரன் யாஸீனும் நல்ல சுகத்தோடு இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். நாங்கள் சுகம். உன் உம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை.

இது யார் கையெழுத்து என்று பார்க்கிறாயா? தபால் ஆபீஸ் சுலைமானுடையது இல்லை. என்னுடையது! முதியோர் வகுப்பில் ஆசிரியை வஹீபா என் பலகையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். பென்சிலை அழுத்திப் பிடிக்கிறேன், முனை உடைந்துவிடுகிறது. உன் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கடுதாசி எழுதுறியா, கெணறு வெட்டுறியா?" என்று கேட்கிறாள். கேட்கட்டும். இனிமேல் உன் கடிதத்தை சுலைமான் தபால் ஆபீஸ் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி வாசிக்க வேண்டியதில்லை. நானே வாசிப்பேன்.

வீடு வந்துவிட்டது. லாரியில் சுவர் சுவராக வந்தது. ஜன்னல் வைத்தே ஒரு சுவர், கதவு வைத்தே ஒரு சுவர். கிரேன் அதைத் தூக்கியபோது ஜன்னல் ஆகாயத்தில் பறந்தது. அதற்குள் மேகம் தெரிந்தது. உன் உம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பூமி ஆடிய நாளிலிருந்து கூடாரத்திலேயே கிடந்தவர்களுக்குக் கதவைச் சாத்துவதே பெரிய சுகம். முதல் நாள் நான் சும்மாவே கதவைத் திறந்து திறந்து சாத்தினேன்.

இந்த வீடுகளை ஏற்றுக்கொள்ள யாரும் முதலில் கையெழுத்துப் போடவில்லை. "தீப்பெட்டி" என்றார்கள். என் மகன் வீட்டு இலாகாவில் என்ஜினியர், இந்த வீடுகளே அவன் மேசையிலிருந்துதான் வருகின்றன, அவன் வாப்பாவைத் தீப்பெட்டியில் வைப்பானா என்று சொல்லி நான் முதலில் போட்டேன். பிறகு வரிசையாக எல்லோரும் போட்டார்கள். பக்கத்துப் பெட்டிக்காரன் பூஜும்ஆகூட.

ஆனால் அவன் வாய் உனக்குத் தெரியும். கூரையைப் பார்த்துவிட்டு, "என்னய்யா லக்தர், வீடு மொட்டையா நிக்குது? கம்பி இல்லாத வீடு, புள்ளையில்லாத வீடுல்ல?" என்றான். அவன் கூரையும் மொட்டைதான், அதைச் சொல்லவில்லை. அவனுக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் கடலுக்கு அந்தப் பக்கம், மார்செய் நகரத்தில்.

பழைய வீட்டின் மேல் நீ கட்டப்போகும் மாடிக்காக நான் நீட்டி விட்டிருந்த ஆறு கம்பிகளையும் இடிபாட்டிலிருந்து உருவி எடுத்தேன். கோணலை அடித்து நிமிர்த்தி வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அவற்றை எந்த இடத்தில் விடுவது? நீ படித்தவன், சொல். எப்போது வருவாய் என்றும் எழுது. உம்மா கேட்கச் சொன்னாள்.

எல்லோருக்கும் சலாம். என் கை வலிக்கிறது, ஆனால் நல்ல வலி.

உன் வாப்பா
லக்தர் (கையெழுத்தும் நானே!)


அல்ஜியர்ஸ்
20 டிசம்பர் 1981

அன்புள்ள வாப்பாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். தங்கள் கடிதம் கண்டு மகிழ்ந்தோம். ஸக்கியாவுக்கும் வாசித்துக் காட்டினேன். யாஸீனுக்குப் பல் முளைக்கிறது. உம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

இனி நீங்களே வாசிப்பீர்கள் என்பதால் மனம் விட்டு எழுதலாம்.

ஆயத்த வீடு கனம் குறைந்தது. அதனால் பூமி ஆடினாலும் உள்ளே இருப்பவர்கள் மேல் விழாது. பழைய காங்கிரீட் கூரைகள் என்ன செய்தன என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இந்த வீட்டுக்குக் கம்பி தேவையில்லை.

ஓர் உதவி. மேட்டுக் கிராமத்துக்கு நாற்பது வீடுகள் ஒதுக்கியிருக்கிறோம். அவர்கள் கூடாரத்திலேயே இன்னொரு மழைக்காலத்தைக் கழிக்கிறார்கள். ஆனாலும் வேண்டாம் என்கிறார்கள். கோடைக்குள் சம்மதிக்காவிட்டால் அந்த நாற்பதும் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். ஆபீசிலிருந்து யார் போய்ப் பேசினாலும் நம்புவதில்லை. உங்கள் வீட்டை அவர்களுக்குக் காட்டுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இந்த வருடம் வேலை அதிகம். உம்மாவுக்கு என் முத்தம்.

தங்கள் மகன்
தவ்ஃபீக்


ஐன் ஸஃப்ஸாஃப்
17 ஜனவரி 1982

மகன் தவ்ஃபீக்குக்கு ஆயிரம் சலாம். இங்கே எல்லோரும் நலம். தைலம் வந்தது. உன் உம்மா முழங்காலில் தடவிக்கொண்டு வீடெல்லாம் மணக்க நடக்கிறாள்.

உன் கடிதத்தை நானே வாசித்தேன்! "ஒதுக்கியிருக்கிறோம்" என்ற சொல்லில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. பிறகு ஓடிவிட்டது.

நீ சொன்னபடி மேட்டுக் கிராமத்துப் பெரியவர் ஹாஜ் மெஸ்ஊதையும் இன்னும் சிலரையும் வீட்டுக்கு அழைத்தேன். உம்மா குஸ்குஸ் செய்தாள். வந்தவர்கள் உட்காரவே இல்லை. சுவர் சுவராகத் தட்டினார்கள்.

"டொக்கு டொக்குங்குதே. உள்ள ஒண்ணுமில்ல போல."

"உன் மண்டையத் தட்டுனாலும் அப்படித்தான் கேக்கும். உக்காந்து சாப்பிடு" என்றாள் உம்மா.

ஒருவன் கதவை முகர்ந்து பார்த்தான். ஒருவன், "பொண்ணு கேக்கப் போற எடத்துல வீடு எப்படின்னு கேட்டா என்ன சொல்றது? லாரியில வந்துச்சுன்னா?" என்றான். "பொண்ணும் லாரியிலதான வரப்போவுது" என்று நான் சொன்னேன். சிரித்தார்கள். ஹாஜ் மெஸ்ஊத் மட்டும் சிரிக்கவில்லை. வெளியே போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். "கம்பி எங்க, லக்தர்?" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வரும்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு செய்ய வேண்டுமே! லாரிக்காரன் கத்தூரைக் கூப்பிட்டேன். கூரைத் தகரத்தில் ஆறு துளை போட்டு, கம்பிகளை உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தோடு வைத்துக் கட்டி, மேலே எண்ணெய் டின்களில் சிமெண்ட் ஊற்றி அசையாமல் நிறுத்தினோம். நுனியில் சோடா பாட்டில் கவிழ்த்தாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் நாளைக்கே கொத்தனார் வந்து மாடி எழுப்பப் போவதுபோல இருக்கிறது! நீ தேவையில்லை என்று எழுதினாய். உன் கணக்குப்படி தேவையில்லாமல் இருக்கலாம், ஊருக்குத் தேவை.

பூஜும்ஆ பார்த்தான். மறுநாள் அவன் கூரையிலும் கம்பி. பிறகு வரிசை முழுவதும். பிள்ளையே இல்லாத கிழவி மெரியம்கூட இரண்டு நட்டுவிட்டாள். "எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?" என்கிறாள்.

ஹாஜ் மெஸ்ஊத் மறுபடி வந்து பார்த்தார். "இது வீடு" என்றார். மழைக்காலம் முடிந்ததும் ஊரைக் கூட்டிப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். நாற்பது வீட்டையும் தயார் செய்து வை!

எப்போது வருவாய் என்று எழுத மறந்துவிட்டாய். இந்தத் தடவை எழுது.

பேரனுக்கு முத்தம். பென்சில் தீர்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும். எவ்வளவு சந்தோஷமான செலவு!

உன் வாப்பா
லக்தர்


ஐன் ஸஃப்ஸாஃப்
21 பிப்ரவரி 1982

மகனுக்கு சலாம். உன் சுகத்தை எழுது. கடிதம் வந்து நாளாகிறது. யாஸீனுக்குக் காய்ச்சலோ என்று உம்மா கவலைப்படுகிறாள்.

இங்கே நல்ல மழை. ஆலிவ் மரங்களுக்கு நல்லது.

வீடு நன்றாக இருக்கிறது. ஒரு மூலையில் கொஞ்சம் ஈரம். பூஜும்ஆ வீட்டிலும் கொஞ்சம் இருக்கிறதாம். மெரியம் வீட்டில் கொஞ்சம் அதிகம். நேற்று சாப்பிடும்போது குஸ்குஸ் தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. உம்மா மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எழுதக் கற்றுக்கொண்ட கை சும்மா இருக்கவில்லை. நீ கவலைப்படாதே. வெயில் வந்தால் காய்ந்துவிடும்.

உம்மா சுகம். நானும் சுகம்.

வாப்பா


அல்ஜியர்ஸ்
19 மார்ச் 1982

அன்புள்ள வாப்பாவுக்கு சலாம். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தேன். உங்கள் இரண்டு கடிதங்களையும் சேர்த்துத்தான் வாசித்தேன்.

ஐன் ஸஃப்ஸாஃபில் ஆயத்த வீடுகள் அனைத்தும் ஒழுகுகின்றன என்று மாவட்டத்திலிருந்து என் மேசைக்குத் தகவல் வந்திருக்கிறது. மே மாதம் குழு ஒன்று பார்வையிட வரும். வீட்டின் அமைப்பிலேயே கோளாறு என்று அவர்கள் எழுதிவிட்டால் மேட்டுக் கிராமத்தின் நாற்பது வீடுகளும் நின்றுவிடும்.

வாப்பா, ஒழுகுவது வீட்டின் குற்றமல்ல. கம்பிக்காகப் போட்ட துளைகளின் குற்றம். எல்லாக் கம்பிகளையும் எடுத்துவிட்டுத் துளைகளைத் தகரமும் தாரும் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். அந்தக் கூரை தன்னை மட்டுமே தாங்கும். அதன் மேல் ஒருபோதும் மாடி எழுப்ப முடியாது. அதன் மேல் யாரும் குடியிருக்கப் போவதில்லை.

குழு வருவதற்குள் செய்துவிடுங்கள். உம்மாவுக்கு என் சலாம். குளிரில் வெளியே நடமாட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தங்கள் மகன்
தவ்ஃபீக்


ஐன் ஸஃப்ஸாஃப்
2 ஏப்ரல் 1982

மகன் தவ்ஃபீக்குக்கு வாப்பாவின் சலாம். அல்லாஹ் உங்களை நோய் நொடியில்லாமல் வைக்கட்டும். உம்மாவுக்கு இருமல். பயப்படும்படி இல்லை.

உன் கடிதத்தை வாசித்தேன். எனக்கு வாசிப்பு இன்னும் புதிது. ஒரு சொல்லை விட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். அதனால் "அதன் மேல் யாரும் குடியிருக்கப் போவதில்லை" என்ற இடத்தில் தப்பாக வாசித்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப வாசித்தேன். உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவ வாசி" என்றாள்.

வாசித்தேன்.

"சரியாத்தான் வாசிக்கிற" என்று சொல்லிவிட்டு ரொட்டி சுடப் போய்விட்டாள்.

மகனே, ஒழுகுவது என்னால்தான். இதை எழுதும்போதே என் காது சுடுகிறது. எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் துளை போட்டார்கள். மெரியம் படுக்கையை மூலைக்கு மூலை மாற்றிப் போடுகிறாள். என்னை வழியில் பார்த்தால், "ஈரம் உடம்புக்கு நல்லதுதான், லக்தர்" என்கிறாள். திட்டினாலாவது பரவாயில்லை.

ஆனால் கம்பியை எப்படி எடுப்பேன்? போட்டபோது சும்மாவா போட்டேன்? என் மகன் வருவான், மாடி கட்டுவான், பேரன் மேலே ஓடும் சத்தம் கீழே கேட்கும் என்று ஊரெல்லாம் சொல்லித்தானே போட்டேன். இப்போது ஏறி உருவினால் கீழே நிற்பவர்கள் என்ன கேட்பார்கள்?

ஒரு வழி யோசித்திருக்கிறேன். நீ ஒரே ஒரு நாள் வா. என்னோடு கூரையில் ஏறு. உன் கம்பியை நீயே உருவு. "நான் என்ஜினியர் சொல்றேன், இது வேணாம்" என்று சொல். மகனே தன் கம்பியை எடுத்தால் வாப்பாவுக்கு வெட்கமில்லை. எல்லோரும் உன்னைப் பார்த்து எடுத்துவிடுவார்கள். நாற்பது வீடும் கிடைத்துவிடும். சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே போய்விடலாம். இரவு தங்கச் சொல்ல மாட்டேன்.

காத்திருக்கிறேன். யாஸீன் கன்னத்தில் ஒரு முத்தம்.

உன் வாப்பா


அல்ஜியர்ஸ்
18 ஏப்ரல் 1982

மதிப்புக்குரிய வாப்பாவுக்கும் அன்பான உம்மாவுக்கும், தங்கள் நலனை எப்போதும் நாடும் மகன் தவ்ஃபீக் எழுதுவது. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் பூரண சுகத்தையும் தருவானாக. உம்மாவின் இருமலுக்கு மருந்துச் சீட்டு இணைத்துள்ளேன். ஸக்கியா சலாம் சொல்கிறாள். யாஸீன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

இப்போது வர முடியாத நிலை. மன்னிக்கவும். கம்பிகளை அகற்ற வேண்டும் என்று முத்திரை வைத்த உத்தரவு ஒன்றை அனுப்புகிறேன். அதைக் காட்டினால் உங்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆபீஸ் உத்தரவு என்று சொல்லிவிடலாம்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைக் கம்பி கிழித்துவிட்டது.

தங்கள் மகன்
தவ்ஃபீக்


ஐன் ஸஃப்ஸாஃப்
23 மே 1982

மகன் தவ்ஃபீக்குக்கு சலாம். விரல் ஆறியதா? துருப்பிடித்த கம்பியாக இருந்தால் ஊசி போட்டுக்கொள். உம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது.

இது நீளமான கடிதம். ஆசிரியை வஹீபா ஒரு நோட்டுத் தாள் கொடுத்தாள், போதவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கினேன்.

உன் உத்தரவு வந்தது. முத்திரை அழகாக இருக்கிறது. உன் கையெழுத்தை அடையாளம் கண்டு விரலால் தடவிப் பார்த்தேன். அதைப் பெட்டியில் வைத்துவிட்டேன். யாருக்கும் காட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கத்தூர் அல்ஜியர்ஸுக்கு சிமெண்ட் இறக்கிவிட்டுத் திரும்பினான். நகரத்துக்கு வெளியே, குன்றுப் பக்கம், புதிதாக வீடுகள் எழும்பும் இடமாம். நம் வீட்டுக்கு வந்து மூன்று கிளாஸ் தேநீர் குடித்தான், பேசவே இல்லை. கத்தூர் பேசாமல் தேநீர் குடிப்பதை நீ பார்த்திருக்கிறாயா?

"என் புள்ளயப் பாத்தியா?" என்று உம்மா கேட்டாள்.

"பாத்தேன்மா. நல்லாருக்காரு."

"ஆபீஸ்லயா?"

அவன் கிளாஸுக்குள் பார்த்தான். "கம்பி கட்டிக்கிட்டு இருந்தாரு" என்றான்.

உம்மா எழுந்து உள்ளே போனாள். அவனுக்கு அத்திப்பழம் எடுத்துவந்து வைத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்தில் ஏணியைச் சாத்திக் கூரையில் ஏறினேன். முதல் கம்பியைக் கட்டியிருந்த முடிச்சை வெட்டினேன்.

பூஜும்ஆ கீழேயிருந்து கத்தினான். "என்னய்யா லக்தர், புள்ள கோவிச்சுக்கிட்டானா?"

உத்தரவு பெட்டியில்தான் இருந்தது. ஆபீஸ் சொல்லிவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். கூரையில் நின்றால் ஊர் முழுக்கத் தெரிகிறது, ஊருக்கும் நாம் முழுக்கத் தெரிகிறோம். அங்கே நின்றுகொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"என் புள்ள வரமாட்டான். தலைநகர்ல வீடு கட்டுறான். அவனுக்குன்னு ஓட்டை போட்டுத்தான் உங்க தட்டுலயெல்லாம் மழை ஊத்துச்சு. என்னால வந்தது. என்ன சொல்லணுமோ சொல்லுங்க."

எனக்கு முகம் எரிந்தது. அடுத்த கம்பிக்குக் குனிந்துகொண்டேன், குனிந்தால் முகம் தெரியாது. நாலாவது கம்பியை உருவும்போது பக்கத்துக் கூரையில் சத்தம் கேட்டது. பூஜும்ஆ ஏறியிருந்தான். தன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மூணு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவ மார்செய்லேர்ந்து சட்டை அனுப்புறானுங்கய்யா" என்றான், என்னிடம் மட்டும். "ஒண்ணுகூட என் அளவு இல்ல."

பிறகு அவனும் குனிந்துகொண்டான். சாயங்கால அஸர் தொழுகைக்குள் வரிசையில் ஒரு கம்பியும் இல்லை. மெரியம் மட்டும், "என்னதை நீங்களே எடுத்துடுங்கப்பா, எனக்கு மனசு வரல" என்றாள். கத்தூர் ஏறி எடுத்தான்.

தகரமும் தாரும் வைத்து அடைத்தோம். குழு வந்த அன்று அல்லாஹ்வின் கிருபை, கோடை மழை ஒன்று கொட்டியது. உன் ஆபீஸ்காரர்கள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டு காபி குடித்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

அவர்களோடு ஹாஜ் மெஸ்ஊதும் வந்திருந்தார். அதே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"கம்பி வரும்னியே, லக்தர்."

"பொய் சொன்னேன், ஹாஜ்ஜியாரே. இதுமேல எதுவும் கட்ட முடியாது. உங்க புள்ளைங்க உங்க மேல குடியிருக்க முடியாது. பக்கத்துல வேணா இருக்கலாம், வந்தா. இந்தக் கூரைக்கு அவ்வளவுதான் பலம்."

நாற்பது வீடும் போயிற்று என்று நினைத்தேன். அவர் கைத்தடியால் தரையைக் குத்திக்கொண்டே நின்றார்.

"பூமி ஆடுன அன்னைக்கு என் ரெண்டு பேரனும் மாடியிலதான் இருந்தானுங்க" என்றார். "நான் கட்டுன மாடி. நல்ல கம்பி போட்டுத்தான் கட்டுனேன்."

சம்மதத் தாளில் கையெழுத்துப் போடக் குழுக்காரரிடம் பேனா கேட்டார். அவருக்கு எழுதத் தெரியாது. பெருவிரலை நீட்டினார். நான் மை தடவினேன்.

இதற்குமேல் தாளில் இடமில்லை. மருமகளுக்கு சலாம்.

வாப்பா


அல்ஜியர்ஸ்
30 ஜூன் 1982

அன்புள்ள வாப்பா, உம்மா, உங்கள் நோன்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.

குழுவின் அறிக்கை வந்தது. நாற்பது வீடுகளும் அடுத்த மாதம் புறப்படுகின்றன. ஆபீசில் என்னைப் பாராட்டினார்கள். குழுவோடு வந்து உங்கள் பேச்சைக் கேட்ட ஒருவர் அதை எல்லோர் முன்னாலும் சொன்னார், உங்கள் குரலிலேயே சொல்லிக்காட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் வீடு கட்டும் நிலம் ஸக்கியாவின் வாப்பா கொடுத்தது. எங்கள் ஆபீசில் எல்லோரும் காங்கிரீட்டில்தான் கட்டுகிறார்கள். நானும் ஒரு தடவை, ஆயத்த வீடே போடலாமா என்று ஸக்கியா வீட்டில் கேட்டேன். "ஏழைங்களுக்குக் குடுக்கிறத நீங்க ஏன் எடுக்கிறீங்க?" என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், வாப்பா. பிறகு எதை எழுதினாலும் அந்தச் சிரிப்புதான் முதலில் வந்தது. அதனால் எழுதவில்லை.

வேறு ஒன்றும் எழுதத் தெரியவில்லை. உம்மாவிடம் என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

விரல் ஆறிவிட்டது.

தவ்ஃபீக்


ஐன் ஸஃப்ஸாஃப்
29 ஜூலை 1982

மகன் தவ்ஃபீக்குக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் பெருநாள் வாழ்த்து. நாங்கள் நலம். உம்மா பெருநாளைக்குச் செய்த பலகாரத்தில் உங்கள் பங்கைத் துணியில் கட்டி வைத்திருக்கிறாள். கத்தூர் கொண்டுவருகிறான். வழியில் அவன் தின்னாமலிருந்தால் உன் கைக்கு வரும்.

உம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் கடிதங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன், அவ்வளவுதான். கடைசிக் கடிதத்தை மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டு வாசித்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். "நடுவுல தாள் பெருசா இருக்கு, நீ சின்னதா வாசிக்கிற" என்றாள். முழுவதும் வாசித்தேன். கேட்டுவிட்டு, "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். சாப்பிடுறானா கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

மேட்டுக் கிராமத்துக்கு வீடுகள் போகத் தொடங்கிவிட்டன. லாரிகள் நம் வாசல் வழியாகத்தான் ஏறுகின்றன. ஜன்னல் வைத்த சுவர் ஒன்று குலுங்கிக் குலுங்கிப் போனது. மெரியம் கையசைத்தாள்.

கத்தூரின் லாரியில் கம்பியும் வருகிறது. அதே கம்பிகள்தான், உனக்காக விட்டவை. இடிபாட்டில் கிடந்தது தூணுக்கு ஆகாது என்று நீ சொல்வாய். நீ என்ஜினியர், தூணுக்கு வைக்காதே. உன் வீட்டு உச்சியில் யாஸீனுக்காக மேலே நீட்டி விடுவாயே, அந்த இடத்தில் ஒன்றிரண்டு வை, போதும். நுனியில் சோடா பாட்டில் கவிழ்க்க மறக்காதே. குழந்தை ஏறி ஓடுவான், கண்ணில் குத்திவிடும்.

எண்ணிப் பார்த்தால் ஐந்துதான் இருக்கும். கத்தூரைச் சந்தேகப்படாதே. ஆறாவதை உம்மா தரமாட்டேன் என்கிறாள். வீட்டுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மண்ணில் ஆழமாக நட்டு, திராட்சைக் கொடி ஏற்றியிருக்கிறாள். கூரையை அது எங்கும் தொடவில்லை, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். ஒழுகாது.

இதற்கு ஆபீசில் ஏதாவது தடை இருக்குமானால் எழுது. இல்லை, எழுத வேண்டாம். கொடி பிடித்து ஏறி நிழல் கொடுக்க இன்னும் நாளாகும். நீயே வந்து பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னால், உம்மா எடுத்துவிடுவதாகச் சொல்கிறாள்.

எல்லோருக்கும் எங்கள் சலாம்.

உன் வாப்பா
லக்தர்